விசுவாசமா, கீழ்ப்படிதலா? எது முதலில்?



வீட்டு ஜெபக்கூட்டங்களில் உங்களில் அநேகர் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கிற ஒரு கேள்வியையே இந்த மாத வேதபாடத்துக்கு எடுத்துக்கொண்டேன். மனுஷன் இரட்சிக்கப்படுவது விசுவாசத்தினாலா, கற்பனைகளுக்குக் கீழ்ப்படிவதினாலா? பவுல் ரோமர் 3:28-ல், தேவன் ஒருவனை நீதிமான் என்று ஏற்றுக்கொள்ள விசுவாசம் போதும், நியாயப்பிரமாணத்தை நிறைவேற்றிய கணக்கை அவர் கேட்பதில்லை என்று முடிவுகட்டுகிறார். யாக்கோபோ தன் நிருபம் 2:24-ல், விசுவாசம் மட்டும் இருந்தால் போதாது, கிரியையும் வேண்டும் என்கிறார். "ஒரே பைபிள்ல ரெண்டு பேரும் ரெண்டு விதமா சொல்றாங்களே பாஸ்டர், நாங்க யாரைக் கேக்கிறது?" என்று ஒரு வாலிபத் தம்பி என்னைக் கேட்டான். நியாயமான கேள்விதான்.

இது பண்டிதர்கள் உட்கார்ந்து பேசிக்கொள்ள வேண்டிய விஷயம் என்று தள்ளிவிடாதீர்கள். இதற்கு ஒரு தப்பான பதிலைப் பிடித்துக்கொண்டவர் ராத்திரியில் நிம்மதியாய்த் தூங்கமாட்டார். வேறொரு தப்பான பதிலைப் பிடித்துக்கொண்டவர், தூங்கக் கூடாத நேரத்தில் நன்றாய்த் தூங்குவார். நம்முடைய சபையிலேயே இந்த இரண்டு விதமானவர்களையும் நான் பார்க்கிறேன். ஆகவே வேதாகமத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, வசனங்களைத் திறந்து பார்த்தே வாசியுங்கள்.

1. ஒரே ஆபிரகாம், மூன்று அதிகாரங்கள்

பவுலும் யாக்கோபும் தங்கள் கட்சிக்குச் சாட்சியாகக் கூப்பிடுவது ஒரே ஆளைத்தான். அவர் நம்முடைய விசுவாசத் தகப்பனாகிய ஆபிரகாம். ஆனால் அவருடைய வாழ்க்கையில் எந்த இடத்தைக் காட்டுகிறார்கள் என்று கவனித்தீர்களா? அங்கேதான் இந்தப் பூட்டின் சாவி இருக்கிறது.

ஆதியாகமம் 15-ஐப் பாருங்கள். ஆபிராமுக்குப் பிள்ளை இல்லை. தன் சொத்தெல்லாம் தமஸ்குவைச் சேர்ந்த எலியேசருக்குப் போய்விடும் என்று கவலைப்படுகிறார். கர்த்தர் அவரை வெளியே அழைத்துக்கொண்டுபோய் வானத்து நட்சத்திரங்களைக் காட்டி, உன் சந்ததி இப்படி இருக்கும் என்கிறார். ஆபிராம் அதை நம்பினார். அவ்வளவுதான். அந்த நம்பிக்கையைத் தேவன் நீதியாகக் கணக்கு வைத்தார் (15:6). அதே ராத்திரி இன்னொன்றும் நடந்தது. மிருகங்களைத் துண்டித்து வைத்து, அவற்றின் நடுவே கடந்துபோவது அந்தக் காலத்தில் உடன்படிக்கை செய்கிற முறை. ஆனால் ஆபிராம் நடக்கவில்லை, அவர் அயர்ந்த நித்திரையில் கிடந்தார். புகையும் அக்கினியுமாய்க் கடந்துபோனவர் கர்த்தர் ஒருவரே (15:12, 17). அந்த உடன்படிக்கையின் பாரத்தை அவரே ஏற்றுக்கொண்டார்!

அடுத்து ஆதியாகமம் 17. இப்போது ஆபிரகாமுக்கு வயது 99. விருத்தசேதனம் பண்ணும்படி கர்த்தர் கட்டளை கொடுக்கிறார். அன்றைக்கே தன் வீட்டு ஆண்மக்கள் அத்தனை பேரோடும் அவர் கீழ்ப்படிகிறார்.

மூன்றாவது, ஆதியாகமம் 22. பல வருடங்கள் கழித்து, பிறந்து வளர்ந்த ஈசாக்கை மோரியா தேசத்தில் பலியிடச் சொல்லிக் கர்த்தர் கேட்கிறார். ஆபிரகாம் அதிகாலையில் எழுந்து புறப்படுகிறார்.

இப்போது வயதைக் கணக்குப் போடுங்கள். இஸ்மவேல் பிறந்தபோது ஆபிராமுக்கு வயது 86 (16:16). 15-ஆம் அதிகாரம் அதற்கும் முந்தியது. விருத்தசேதனம் 99-ஆம் வயதில். அப்படியானால் அவர் நீதிமான் என்று எண்ணப்பட்டதற்கும் அந்த அடையாளத்தைப் பெற்றதற்கும் நடுவே குறைந்தது 13 வருடம் ஓடிவிட்டது! இந்த 13 வருடத்தைத்தான் பவுல் ரோமர் 4:10-ல் விரலை வைத்துக் காட்டுகிறார். ஆபிரகாம் நீதிமானாக எண்ணப்பட்டது விருத்தசேதனத்துக்குப் பிறகா, முன்னேயா என்று கேட்டு, முன்னே என்று அவரே பதிலும் சொல்கிறார். விருத்தசேதனம் ஏற்கெனவே பெற்றுக்கொண்ட நீதிக்கு ஒரு முத்திரை என்கிறார் (4:11).

நம்ம ஊர்க் கணக்கில் சொல்கிறேன். ரேஷன் கார்டில் பெயர் சேர்த்ததினால் ஒரு பிள்ளை அந்த வீட்டில் பிறப்பதில்லை. பிறந்ததினால்தான் பெயரைச் சேர்க்கிறார்கள். கார்டு வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் கார்டு பிள்ளையைப் பெறாது.

2. கலாத்தியாவில் வந்த சண்டை

இந்த வரிசையைத் தலைகீழாக்கியதினால்தான் கலாத்தியாவில் பவுல் அவ்வளவு சூடாக எழுதவேண்டியதாயிற்று. புறஜாதியிலிருந்து இயேசுவை ஏற்றுக்கொண்ட ஜனங்களிடம் சிலர் வந்து, "நீங்கள் விசுவாசித்தது நல்லதுதான், ஆனால் விருத்தசேதனமும் வேண்டும்" என்றார்கள். நாட்களையும் மாதங்களையும் காலங்களையும் அனுசரிக்கவும் அந்த ஜனங்கள் தொடங்கிவிட்டார்கள் (கலாத்தியர் 4:10). அந்தப் போதகர்கள் இயேசுவை மறுதலிக்கவில்லை. அவரோடு ஒன்றைக் கூட்டினார்கள். பவுலோ, அப்படிக் கூட்டினால் கிறிஸ்து மரித்ததே வீணாகிவிடும் என்கிறார் (2:21).

பெந்தெகொஸ்தே விசுவாசிகளாகிய நாம் கலாத்தியர் 3:2-ஐ விசேஷமாய்க் கவனிக்கவேண்டும். பவுல் அங்கே கேட்பது அனுபவத்தைப் பற்றிய கேள்வி. நீங்கள் பரிசுத்த ஆவியைப் பெற்றது எப்போது? நியாயப்பிரமாணத்தைச் செய்து முடித்தபோதா, சுவிசேஷத்தைக் கேட்டு விசுவாசித்தபோதா? கொர்நேலியுவின் வீட்டை நினைத்துப் பாருங்கள். பேதுரு பிரசங்கத்தை முடிக்கக்கூட இல்லை, ஆவியானவர் இறங்கிவிட்டார் (அப்போஸ்தலர் 10:44). அவர்கள் விருத்தசேதனம் பெற்றவர்கள் அல்ல, அப்போது தண்ணீர் ஞானஸ்நானம்கூட எடுத்திருக்கவில்லை. அபிஷேகம் நம்முடைய சம்பளம் அல்ல. அது தகப்பனுடைய ஈவு.

ஏறக்குறைய கி.பி. 49-ல் எருசலேமில் அப்போஸ்தலரும் மூப்பரும் கூடி இந்த வழக்கை விசாரித்தார்கள் (அப்போஸ்தலர் 15). கொர்நேலியுவின் வீட்டில் நடந்ததைப் பேதுரு சாட்சியாகச் சொன்னார். யூதனும் புறஜாதியானும் ஒரே வழியில், கர்த்தராகிய இயேசுவின் கிருபையால்தான் இரட்சிப்படைகிறார்கள் என்று பேசினார். விக்கிரகத்துக்குப் படைத்தவை, இரத்தம், நெரித்துக் கொல்லப்பட்டவை, வேசித்தனம் ஆகிய நான்கையும் விட்டு விலகும்படி சபை புறஜாதியாருக்கு எழுதியது. ஆனால் விருத்தசேதனத்தை அவர்கள்மேல் சுமத்தவில்லை.

இதில் பந்தியைப் பற்றிய வேதனை ஒன்றும் உண்டு. அந்தியோகியாவில் பேதுரு புறஜாதி விசுவாசிகளோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் பயந்து விலகிக்கொண்டார். பர்னபாவும் கூடச் சேர்ந்துகொண்டார் (கலாத்தியர் 2:11-14). பவுல் எல்லாருக்கும் முன்பாக எழுந்து பேதுருவைக் கண்டித்தார். தனிப்பந்தி என்றால் எப்படி வலிக்கும் என்று நம் தேசத்தில் யாருக்கும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. இரட்சிப்போடு ஒரு நிபந்தனையைக் கூட்டினால் முதலில் உடைவது சபையின் சாப்பாட்டுப் பந்திதான்.

3. அப்படியானால் நியாயப்பிரமாணம் எதற்கு?

"கிருபை வந்தாச்சு, இனி கட்டளை எதுக்கு?" என்று கேட்கிறவர்கள் உண்டு. அவசரப்படாதீர்கள். நியாயப்பிரமாணம் பரிசுத்தமானது, நல்லது என்று பவுலே எழுதியிருக்கிறார் (ரோமர் 7:12). பாவம் இன்னதென்று அதனால்தான் தெரியவருகிறது (ரோமர் 3:20).

கால் முறிந்த ஒருவரை எக்ஸ்ரே எடுக்கிறார்கள். எலும்பு எங்கே உடைந்திருக்கிறது என்று பிலிம் தெளிவாய்க் காட்டுகிறது. அந்தப் பிலிமையே காலில் வைத்துக் கட்டினால் எலும்பு சேருமா? சேராது. அதற்காகப் பிலிமைக் கிழித்துப் போட்டால் முறிவு இல்லாமல் போய்விடுமா? அதுவும் இல்லை. அது டாக்டரிடத்தில் நம்மை அனுப்புகிறது. கலாத்தியர் 3:24-ல் பவுல் நியாயப்பிரமாணத்துக்குச் சொல்லுகிற உவமையும் இப்படிப்பட்டதே. அக்காலத்தில் பெரிய வீடுகளில் சிறுபிள்ளையைக் கண்டித்துக் கையைப் பிடித்துப் பள்ளிக்குக் கூட்டிப்போக ஒரு ஊழியக்காரன் இருப்பான். நியாயப்பிரமாணம் அப்படி நம்மைக் கிறிஸ்துவினிடத்தில் கொண்டுவந்து விடுகிறது.

பழைய ஏற்பாட்டிலும் வரிசை இதுதான். யாத்திராகமம் 12-ல் ஆட்டுக்குட்டியின் இரத்தம், 14-ல் செங்கடலைக் கடந்துபோகுதல், 20-ல்தான் பத்துக் கற்பனைகள். எகிப்தில் செங்கல் சுமந்துகொண்டிருந்த ஜனத்திடம் கர்த்தர் கல்பலகையைக் கொடுத்து, "இதை ஒழுங்காகச் செய்தால் விடுதலை" என்று சொல்லவில்லை. முதலில் விடுதலை பண்ணினார். மூன்றாம் மாதம் சீனாய்க்கு வந்தபின், உன்னை வெளியே கொண்டுவந்தவர் நான் என்று நினைப்பூட்டிவிட்டுத்தான் முதல் கற்பனையைச் சொன்னார்.

4. யாக்கோபு பவுலுக்கு எதிராளியா?

இல்லவே இல்லை. எருசலேம் கூட்டத்தில் புறஜாதியாரைக் கலங்கப்பண்ணக் கூடாது என்று கடைசியில் எழுந்து தீர்ப்புச் சொன்னவர் கர்த்தருடைய சகோதரனாகிய யாக்கோபுதான் (அப்போஸ்தலர் 15:19). பவுலுக்கு ஐக்கியத்தின் வலதுகையைக் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர் (கலாத்தியர் 2:9).

யாக்கோபு 2-ஆம் அதிகாரத்தைக் கூர்ந்து வாசியுங்கள். உடுப்பும் சாப்பாடும் இல்லாத ஒரு சகோதரனிடமோ சகோதரியிடமோ, "சமாதானமாய்ப் போங்க" என்று ஆசீர்வாதம் சொல்லி வெறுங்கையாய் அனுப்பிவிடுகிறார்கள் (2:15-16). அப்படிப்பட்ட விசுவாசத்தைத்தான் அவர் செத்தது என்கிறார். தேவன் ஒருவர் என்று பிசாசுகளும் நம்பி நடுங்குகின்றன என்கிறார் (2:19). பிறகு ஆபிரகாமைக் கூப்பிடுகிறார். எந்த அதிகாரம்? 22-ஆம் அதிகாரம், மோரியா! அங்கே கீழ்ப்படிந்தபோது, 15-ஆம் அதிகாரத்தில் எழுதப்பட்டது நிறைவேறிற்று என்கிறார் (2:21-23). 15-ஐ அவர் அழிக்கவில்லை. 15-ல் விதைத்தது 22-ல் கதிர் விட்டது என்கிறார்.

நீதிமானாவது எப்படி என்று கேட்கிறவனைப் பவுல் 15-ஆம் அதிகாரத்துக்குக் கூட்டிக்கொண்டு போகிறார். நான் ஏற்கெனவே விசுவாசிதான் என்று கைகட்டி உட்கார்ந்திருப்பவனை யாக்கோபு 22-ஆம் அதிகாரத்துக்குக் கூட்டிக்கொண்டு போகிறார். கலாத்தியாவில் கலகம் பண்ணினவர்களோ 17-ஆம் அதிகாரத்தை எடுத்து 15-க்கு முன்னால் வைத்தார்கள். தப்பு அங்கேதான். எபேசியர் 2-ஐயும் திறந்து பாருங்கள். 9-ஆம் வசனம் கிரியைகளால் அல்ல என்கிறது. அடுத்த வசனமே நற்கிரியைகளுக்காகச் சிருஷ்டிக்கப்பட்டோம் என்கிறது. கிரியை இரட்சிப்புக்கு விலை அல்ல, ஆனால் இரட்சிக்கப்பட்டவனுக்கு அதுவே வேலை.

5. தீத்துவும் தீமோத்தேயுவும்

இனி நம் சபைக் காரியத்துக்கு வருகிறேன். ஒரு சகோதரி ஞானஸ்நானத்துக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தார்கள். கணவர் இன்னும் இரட்சிக்கப்படவில்லை. வேறொரு ஜெபவீட்டில் யாரோ அவர்களிடம், தாலியைக் கழற்றினால்தான் இரட்சிப்பு முழுமையாகும் என்று சொல்லிவிட்டார்கள். வீட்டிலே மாமியார், "உசிரோட இருக்கிற புருஷனுக்கு நீ தாலியைக் கழட்டுவியா?" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுகிறார்கள். அந்தச் சகோதரி என்னிடம் வந்து, "பாஸ்டர், நான் இன்னிக்கு ராத்திரி செத்துப்போனா பரலோகம் போவேனா, மாட்டேனா? அதை மட்டும் சொல்லுங்க" என்று கேட்டார்கள். மூன்று வாரமாய்ச் சரியாய்த் தூங்கவில்லையாம்.

நான் அவர்களுக்கு ஆதியாகமம் 15-ஐத் திறந்து வாசித்துக் காட்டினேன். பிறகு தீத்துவைப் பற்றிச் சொன்னேன். கிரேக்கனாகிய தீத்துவைப் பவுல் எருசலேமுக்குக் கூட்டிக்கொண்டு போனபோது, விருத்தசேதனம் பண்ணவேண்டும் என்று சிலர் நெருக்கினார்கள். பவுல் ஒரு நாழிகைகூட இணங்கவில்லை (கலாத்தியர் 2:3-5). அதே பவுல்தான் தீமோத்தேயுவைக் கூட்டிக்கொண்டுபோய் விருத்தசேதனம் பண்ணினார் (அப்போஸ்தலர் 16:3). தாய் யூத ஸ்திரீ, தகப்பன் கிரேக்கன் என்பது அந்தப் பக்கத்து யூதர் எல்லாருக்கும் தெரியும். அவர்கள் நடுவே ஊழியத்துக்குத் தடை வரக் கூடாதென்று அப்படிச் செய்தார். செயல் ஒன்றுதான். தீத்துவின் காரியத்தில் அது இரட்சிப்பின் வாசலில் கேட்கப்பட்ட கட்டணம், பவுல் மறுத்தார். தீமோத்தேயுவின் காரியத்தில் அது பிறர்மேல் வைத்த அன்பு, பவுல் செய்தார்.

நகையைப் பற்றியும் நான் இப்படியே சொல்லுகிறேன். எளிமைக்காக, சாட்சிக்காக, நகையில் போட்ட பணம் ஊழியத்துக்கோ ஏழைக்கோ போகட்டும் என்று சந்தோஷமாய்க் கழற்றிய தாய்மார் நம் சபையில் உண்டு. கர்த்தர் அதைக் கனம்பண்ணுவார். ஆனால் அதை வாசலில் வைத்து, "இதைக் கழற்றினால்தான் உள்ளே" என்றால் அது விருத்தசேதனக்காரருடைய போதனையே. உபவாசத்தையும் தசமபாகத்தையும் வெள்ளை உடுப்பையும் அந்த இடத்தில் வைத்தாலும் அப்படியே.

அந்தச் சகோதரி தாலியோடு தண்ணீரில் இறங்கி ஞானஸ்நானம் எடுத்தார்கள். மூப்பர்களில் இரண்டு பேருக்கு மனக்கஷ்டம்தான். அவர்களோடு உட்கார்ந்து கலாத்தியர் நிருபம் முழுவதையும் வாசித்தோம். ஒருவர் ஒத்துக்கொண்டார். மற்றவர் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார், ஆனாலும் அந்தச் சகோதரியோடு ஒரே பாத்திரத்தில் பங்குபெறுகிறார். அதற்காகக் கர்த்தரை ஸ்தோத்திரிக்கிறேன்.

6. "நான் கிருபையின் கீழ் இருக்கேன்"

இப்போது மறுபக்கம். ஒரு சகோதரர் ஏலச்சீட்டு நடத்தி, பாதியில் நிறுத்திவிட்டார். ஏமாந்தவர்களில் இட்லி விற்றுப் பிழைக்கிற ஒரு விதவைத் தாயாரும் உண்டு. அவர்களுக்கு வரவேண்டியது 40,000 ரூபாய். நான் இவரிடம் போய்ப் பேசினபோது, "பழசெல்லாம் சிலுவையில போச்சு பாஸ்டர். நான் கிருபையின் கீழ் இருக்கேன். நியாயப்பிரமாணம் பேசாதீங்க" என்றார்.

நான் அவரிடத்தில் சகேயுவைப் பற்றிப் பேசினேன் (லூக்கா 19). சகேயு முதலில் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வரவேண்டும் என்று இயேசு சொன்னாரா? இல்லை. மரத்தில் இருந்தவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, உன் வீட்டுக்கு வருகிறேன் என்றார். கிருபை முந்திக்கொண்டது. ஆனால் கிருபை அந்த வீட்டுக்குள் நுழைந்ததும் கணக்குப் புத்தகம் திறந்தது! ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கினதற்கு நாலு மடங்கு என்று சகேயு எழுந்து நின்று சொன்னான். யாரும் அவனைக் கேட்கவில்லை.

சிலர் சிலுவையில் இரட்சிக்கப்பட்ட கள்ளனைக் காட்டுவார்கள். "அவன் என்ன செய்தான்? ஒன்றுமே செய்யவில்லையே" என்பார்கள். அவனிடம் ஞானஸ்நானமும் இல்லை, காணிக்கையும் இல்லை, உண்மைதான். ஆனால் அவனுக்கு மிச்சமிருந்த சொற்ப நேரத்தில் என்ன செய்தான் பாருங்கள். மற்றக் கள்ளனைக் கடிந்துகொண்டான். நமக்குக் கிடைத்த தண்டனை நியாயம் என்று தன் குற்றத்தை ஒத்துக்கொண்டான். எல்லாரும் பரியாசம்பண்ணின இயேசுவை ராஜாவாக அறிக்கைபண்ணினான் (லூக்கா 23:40-42). கையும் காலும் ஆணியடிக்கப்பட்டவனுக்கு நாவு ஒன்றுதான் மிச்சம். அதைக் கர்த்தருக்குக் கொடுத்தான். நமக்குக் கையும் காலும் இருக்கிறதே!

அந்தச் சகோதரர் கொஞ்ச காலம் சபைக்கு வராமல் இருந்தார். இப்போது மாதம் 1,000 ரூபாய் அந்தத் தாயாரிடம் கொண்டுபோய்க் கொடுக்கிறார். கடன் இன்னும் தீரவில்லை. ஆனால் அவருடைய விசுவாசத்துக்கு உயிர் வந்திருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

7. நமக்கு முன்னே போனவர்கள்

ஜெர்மனி தேசத்து மார்ட்டின் லுத்தர் 1505-ல் எர்ஃபர்ட் பட்டணத்து மடத்தில் சேர்ந்து, உபவாசம், இராவிழிப்பு, பாவஅறிக்கை என்று தன்னை வாட்டிக்கொண்டார். சமாதானம் வரவில்லை. ரோமர் 1:17 அவருக்கு வாசலைத் திறந்தது. 1517 அக்டோபர் 31-ல் பாவமன்னிப்புச் சீட்டு விற்பனைக்கு எதிராக 95 வாக்கியங்களை அவர் வெளியிட்டது நாம் அறிந்ததே. 1522-ல் வெளியிட்ட புதிய ஏற்பாட்டு முன்னுரையில் அவர் யாக்கோபு நிருபத்தை வைக்கோலுக்கு ஒப்பிட்டது வருத்தத்துக்குரியது. ஆனால் அதே வருஷம் ரோமர் நிருபத்துக்கு எழுதின முன்னுரையில், மெய்யான விசுவாசம் உயிருள்ளது, நன்மை செய்யாமல் அதனால் சும்மா இருக்க முடியாது என்ற கருத்தையும் அவரே எழுதினார்.

அந்த ரோமர் முன்னுரையைத்தான் 1738 மே 24 சாயங்காலம் லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருவில் ஒருவர் வாசித்துக்கொண்டிருக்க, ஜான் வெஸ்லி கேட்டார். ஆக்ஸ்ஃபோர்டில் படித்த காலத்திலிருந்தே உபவாசித்தவர், சிறைச்சாலைகளுக்குப் போனவர், அமெரிக்காவில் ஜார்ஜியாவுக்கு ஊழியத்துக்குப் போய் வந்தவர். எல்லாம் செய்தும் நிச்சயம் இல்லை. அன்று கிறிஸ்து ஒருவரையே நம்பினார், நிச்சயம் வந்தது. அதற்குப் பிறகு சிறைச்சாலைக்குப் போவதை நிறுத்தினாரா? இல்லை, இன்னும் அதிகமாய் உழைத்தார். 1791 பிப்ரவரியில், மரணத்துக்குச் சில நாள் முன்புகூட, அடிமை வியாபாரத்தை எதிர்த்துப் போராடின வில்பர்ஃபோர்ஸுக்குக் கடிதம் எழுதித் தைரியப்படுத்தினார். முன்னே செய்ததையே பின்னும் செய்தார். முன்னே பிள்ளையாகும்படி செய்தார், பின்னே பிள்ளையானதினால் செய்தார்.

ரோமன் கத்தோலிக்க சபை ட்ரெண்ட் சங்கத்தில் 1547-ல் லுத்தரின் போதனைக்கு எதிராகத் தீர்மானித்தது. ஆனாலும் கிருபை இல்லாமல் தன் கிரியையால் மனுஷன் நீதிமானாகலாம் என்பதை அந்தச் சங்கமும் மறுத்தது. 1999 அக்டோபர் 31-ல் ஆக்ஸ்பர்க் பட்டணத்தில் லுத்தரன் உலக சம்மேளனமும் கத்தோலிக்க சபையும் ஒரு கூட்டு அறிக்கையில் கையெழுத்திட்டன. நம்முடைய புண்ணியத்தால் அல்ல, கிருபையால் மட்டுமே தேவன் நம்மை ஏற்றுக்கொள்கிறார், ஆவியானவர் நம்மைப் புதுப்பித்து நற்கிரியைகளுக்கு ஆயத்தப்படுத்துகிறார் என்பது அதன் சாரம். 2006-ல் உலக மெதடிஸ்டு சபைகளும் அதில் சேர்ந்துகொண்டன. வித்தியாசங்கள் தீர்ந்துவிடவில்லை. என்றாலும் இத்தனை நூற்றாண்டுச் சண்டைக்குப் பிறகு அவர்கள் ஒத்துக்கொண்ட அடிப்படை, எபேசியர் 2:8-10-ல் எழுதியிருப்பதே!

டீட்ரிக் போன்ஹோஃபர் என்ற ஜெர்மானியப் போதகரையும் நினைக்கிறேன். 1937-ல் வெளிவந்த தன் புத்தகத்தில், மனந்திரும்புதலும் சீஷத்துவமும் இல்லாத கிருபையை அவர் மலிவான கிருபை என்றார். ஹிட்லரின் ஆட்சியை எதிர்த்ததற்காக 1945 ஏப்ரல் 9-ல் தூக்கிலிடப்பட்டார். தன் கிரியையால் இரட்சிப்பு வரும் என்று போதித்த ஆளல்ல, லுத்தரின் வழியில் வந்தவர்தான். ஆனாலும் கிருபை அவரை அவ்வளவு தூரம் நடத்திச் சென்றது.

8. நம்மை நாமே சோதித்துப் பார்ப்போம்

பிரியமானவர்களே, நீங்கள் எந்த அதிகாரத்தில் நிற்கிறீர்கள்?

இந்த வாரம் உபவாசம் தவறிப்போனது, ஜெபம் குறைந்துபோனது, ஆகவே தேவன் என்னைத் தள்ளிவிட்டார் என்று நடுங்குகிறீர்களா? 15-ஆம் அதிகாரத்துக்கு வாருங்கள். நீங்கள் நித்திரையில் கிடந்தபோது உடன்படிக்கையின் நடுவே நடந்துபோனவர் இன்னும் உயிரோடிருக்கிறார்.

இரட்சிக்கப்பட்டு 20 வருஷம் ஆயிற்று, அந்நியபாஷை பேசுகிறேன், ஆனால் தம்பியோடு பேச்சுவார்த்தை இல்லை, வாங்கின கடன் ஞாபகமில்லை, வேலைக்காரிக்குச் சம்பளம் பாக்கி என்கிறீர்களா? 22-ஆம் அதிகாரத்துக்குப் புறப்படுங்கள். ஆபிரகாம் அதிகாலையில் எழுந்தார். நாளைக்கு என்று தள்ளிப்போடாதீர்கள்.

ஒருவேளை 17-ஆம் அதிகாரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, புதிதாய் வருகிற ஒரு ஆத்துமாவை வாசலிலே நிறுத்தி வைத்திருக்கிறீர்களா? தயவுசெய்து வழிவிடுங்கள். அவர்கள் உள்ளே வரட்டும். உள்ளே இருக்கிறவர் அவர்களை நடத்துவார். வருகிற ஞாயிறு இராப்போஜனத்துக்கு முன்பாக, உங்கள் பக்கத்தில் உட்காருகிற புதிய விசுவாசியின் கையைப் பிடித்து, "வாங்க, இது உங்க வீடுதான்" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

ஜெபம்: பரலோகப் பிதாவே, ஒன்றும் செய்யாத எங்களை உமது குமாரனுக்காக ஏற்றுக்கொண்டீர், ஸ்தோத்திரம். ஏற்றுக்கொள்ளப்பட்ட நாங்கள் ஒன்றும் செய்யாமல் இருந்துவிடாதபடி உமது ஆவியினால் எங்களை எழுப்பும். பயந்திருக்கிறவர்களைத் தேற்றும், தூங்குகிறவர்களைத் தட்டியெழுப்பும், உமது பந்தியை ஒரே பந்தியாய்க் காத்தருளும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், ஆமென்.